பொட்டிக்குள் வைகாசி

கோமதி டீச்சர் வீட்டுப் பொட்டி எவ்வளவு மெதுவானது என்றால், பொங்கலுக்கு அவள் புருஷன் நிலாவிலிருந்து சொன்ன வாழ்த்து தைப்பூசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. சித்திரை விசுவன்று அவன் “கனி பாத்தியா கோமு?” என்று கேட்டது வீட்டுக்கு வந்தபோது, கனித்தட்டில் வைத்த மாம்பழத்தைத் தின்று, கொட்டையைக் கொல்லையில் எறிந்து, அது முளைவிட்டு, அந்த முளையை ஓர் ஆடு வந்து மேய்ந்துவிட்டும் போயிருந்தது.

தென்காசி முல்லை நகர் மூன்றாம் தெருவில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். தாத்தாமார்கள் துபாய்க்கும் சவுதிக்கும் போன தெரு அது. பேரன்மார்கள் நிலாவுக்குக் குழாய் பற்றவைக்கப் போனார்கள். ஆள் எடுத்த நிறுவனம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பெட்டிகள் கொடுத்தது. ஒன்று இங்கே, வீட்டு டிவிக்கு. இன்னொன்று அங்கே, அவன் படுக்கிற அறைக்கு. இங்கிருப்பவள் அவன் அறையைப் பார்க்கலாம், அங்கிருப்பவன் இவள் கூடத்தைப் பார்க்கலாம், பகல் முழுக்க, ராத்திரி முழுக்க. பெட்டிக்கு நிறுவனம் வைத்த பெயர் ‘சாளரம்’. தெருவில் எல்லோரும் பொட்டி என்றே சொன்னார்கள். போன் என்பது மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஆபீஸ் வழியாக, பின்னால் யாரோ இருமுவது கேட்கும்.

பொட்டிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நொடியையும் விடாது. ஆரம்ப காலத்தில் எந்த ஊரிலோ ஒருத்தி, புருஷன் முத்தம் கொடுக்க வந்த நேரத்தில் படம் உறைந்து, திரும்பி வந்தபோது அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான் என்று வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டாளாம். அதிலிருந்து நிறுவனம் பயந்துபோய், எதையும் தாண்டாதபடி பெட்டியைச் செய்துவிட்டது. லைன் சிக்கினால் படம் நிற்கும். லைன் வந்ததும் நின்ற இடத்திலிருந்தே தொடரும். அதற்குள் நிலாவில் எத்தனை பொழுது போயிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

மற்ற ஊர்களில் இது ஒரு தொல்லையாகவே தெரியவில்லை. மூன்றாம் தெருவோ மலையடிவாரத்தில் இருக்கிறது. சாரல் அடித்தால் லைன் போகும், காற்று அடித்தால் போகும், இரண்டும் இல்லாத நாளில் குரங்குகள் வரும். அந்த வயர் குரங்குகளுக்கு முறுக்கு மாதிரி. இப்படி நிமிஷம் நிமிஷமாகச் சேர்ந்த தாமதம் மணியாகி, நாளாகி, ஆனி மாதம் சாரல் தொடங்கியபோது ஏறக்குறைய ஒரு மாதமாகிவிட்டது. வெளியே ஆனி, பொட்டிக்குள் வைகாசி.

கோமதி உடற்பயிற்சி ஆசிரியை. விசில் தேவைப்படாத தொண்டை. அவள் மைதானத்தில் “ஓடு” என்று கத்தினால் பக்கத்து ரோட்டில் போகிற பஸ் வேகம் பிடிக்கும் என்பார்கள். புருஷன் ஆவுடையப்பனோ பேச்சில் ஆமை. ஒரு மாதத் தாமதம் அவனுக்கு இயல்பாகவே பொருந்திப்போயிற்று. அவர்கள் ஒரு சண்டையைத் தொடங்கினால் முடிவதற்குள் எதற்காகச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துவிடும். தெருவிலேயே ஒற்றுமையான தம்பதி என்று அவர்களைத்தான் சொன்னார்கள். அவள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, டிவி முன்னால் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்லுவாள். அவன் சட்டையைக் கழற்றியபடி ஒரு மாதத்துக்கு முந்தைய கதைக்குத் தலையாட்டுவான். ஆட்டிய தலை எந்தக் கதைக்கு என்று அவள் யோசிப்பதேயில்லை.

யோசிக்காவிட்டாலும், வேகமான லைன் வேண்டுமென்று கேபிள் இருதயராஜை அவள் ஏசாத நாள் கிடையாது. அவரும் மேலே எழுதிப் போட்டு, ஒரு புது வயருக்காகக் காத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. மாதத்து முறை இன்னும் வரவில்லை. கோமதி டிவியைப் பார்த்தபடிதான் எடுத்தாள். திரையில் ஆவுடையப்பன் சோறு தின்றுகொண்டிருந்தான். போனில் இருந்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அழுத்தக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது என்றார். முந்தாநாள் என்றார். ஆவுடையப்பன் அந்த இடத்திலேயே போய்விட்டதாகவும், கூட நின்ற காதர் மைதீன் அடிபட்டு ஆஸ்பத்திரி அறையில் இருப்பதாகவும், உடலைக் கீழே கொண்டுவர வழியில்லை என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

திரையில் ஆவுடையப்பன் ஊறுகாய் தொட்ட விரலை நக்கிவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏட்டி கோமு, இந்தத் தடவ ஊறுகாய்ல உப்பு கம்மிட்டி.”

“அடுத்த தடவ பாத்துக்கிடுதேன்,” என்றாள் கோமதி, போனைக் காதில் வைத்தபடியே.

ஆபீஸ்காரர் அதைத் தன்னிடம் சொன்னதாக நினைத்து, சரிம்மா என்றார்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். அழ வந்தவர்களுக்கு ஒரு தர்மசங்கடம். மாரில் அடித்து அழலாம் என்று வாயைத் திறந்தால், எதிரே டிவியில் இறந்தவன் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு சீட்டியடிக்கிறான். நாத்தனார் ஒரு துண்டை எடுத்து டிவி மேல் போர்த்தப் போனாள். கோமதி பிடுங்கிக்கொண்டாள். பெரியவர்கள் காரியத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்தார்கள். பதினாறாம் நாள் தாலியைக் கழற்ற வேண்டும். அவளோ திரையைக் காட்டி, அந்த மனுஷன் அங்கே தலை சீவிக்கொண்டிருக்கும்போது நான் எப்படிக் கழற்றுவேன், என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டாள். வெளித் தேதிப்படி செய்வதா, பொட்டித் தேதிப்படி செய்வதா என்று ஒரு பெரிய விவாதமே நடந்து, கடைசியில் நாள் குறிக்கிறவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, இதில் பொட்டிக்கெல்லாம் பக்கம் போடவில்லையே என்று காப்பி கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இருதயராஜ் வாசலில் வந்து நின்றார். தோளில் புது வயர்ச் சுருள். ஒரு வருஷம் கேட்டது, அன்றைக்குத்தான் வந்திருந்தது. தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் செய்தி தெரிந்து, திரும்பிப் போகவும் மனசில்லாமல், வந்து நிற்கிறார்.

கோமதி எழுந்து வாசலுக்குப் போனாள்.

“இதப் போட்டா என்ன ஆகும், அண்ணாச்சி?”

“லைன் கிளியர் ஆயிரும், டீச்சர். பொட்டி விட்டதப் பிடிக்க ஓடும்.” இருதயராஜ் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனார். “படம் மூணு மடங்கு வேகத்துல போவும். அண்ணன் வெரசா நடப்பாவ, வெரசா பேசுவாவ. அப்படியே ஓடி ஓடி இன்னைக்குத் தேதிக்கு வந்து சேந்து…”

சுருளைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“போடலன்னா?”

“லைன் எவ்வளவு சிக்குதோ அவ்வளவு பின்னால நிக்கும்.”

இருதயராஜ் சுருளை ஒரு தடவை பார்த்தார். “வயரு ரெண்டு முழம் கட்டையா வந்திருக்கு, டீச்சர். திருப்பி அனுப்பணும்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்தச் சுருளைக் கொண்டு தென்காசியையே ஏழு சுற்றுச் சுற்றலாம்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. லைன் சிக்கினால் ஆவுடையப்பன் இருப்பான், லைன் ஓடினால் போய்விடுவான். இதை யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஒரு வீட்டில் ஆளில்லாத அறையில் டிவியைப் போட்டுவிட்டார்கள். அடுத்த வீட்டில் இரண்டைப் போட்டார்கள். டீக்கடைக்காரர் திமிங்கிலம் பற்றிய படத்தை ஒரு டிவியிலும், அதே திமிங்கிலத்தை இன்னொரு டிவியிலும் ஓட விட்டார். தெருவுக்கே ஒரு குழாய்தான், எல்லா வீட்டிலும் திறந்துவிட்டால் எந்த வீட்டிலும் சொட்டுத்தானே வரும். கல்யாண வீடியோக்கள், சமையல் வகுப்புகள், எந்த நாட்டுக்காரனோ பனியில் சறுக்குகிற பந்தயம் என்று மூன்றாம் தெரு பார்க்காத படம் உலகத்தில் இல்லை. பார்க்கத்தான் யாரும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாடம் வரவில்லை என்று இரண்டாம் தெருவுக்கு நடந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குரங்குகளுக்குக்கூட ஒரு வேலை மிச்சமாயிற்று.

பொட்டி திணறியது. ஒரு நாளில் அரை நாளைக் காட்டுவதே பெரிய பாடாகிவிட்டது. ஆவுடையப்பன் ஒரு கவளம் சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கோமதி ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்துவிடுவாள். அவன் கண்ணிமை பாதி மூடி நிற்கும். நடுவில் அந்தச் சுற்றுகிற வட்டம். ஒரு வருஷமாக அவளுக்கு எரிச்சலூட்டிய வட்டம் இப்போது அதன் பாட்டுக்குச் சுற்றட்டும் என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாதி மூடிய இமையில் எத்தனை முடி என்று எண்ணியிருந்தால்கூட எண்ணி முடித்திருக்கலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்க்க விட்டதும் இல்லை, வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

அவள் அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆடி பிறந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை, ஜீனத் வீட்டுக்கு இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் கோமதி. ஜீனத் எதிர்வீடு. காதர் மைதீனின் மனைவி. இரண்டு புருஷன்மாரும் ஒரே வண்டியில் நிலாவுக்கு ஏறியவர்கள். கூடத்தில் ஜீனத்தின் பொட்டி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் காதர் மைதீன் முழு ஆரோக்கியத்தோடு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு ஸ்பேனரோடு உறைந்து நின்றார். அங்கேயும் வைகாசி. அடுக்களையில் இன்னொரு டிவி, ஆளில்லாமல், பனிச்சறுக்குப் பந்தயத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

கோமதி அந்த டிவியைப் பார்த்தாள். பிறகு ஜீனத்தைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அந்தப் பெண் பாதியாக இளைத்திருந்தாள். கோமதிக்கு இவ்வளவு நாள் தன் திரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“அவிய எப்படி இருக்காவளாம், ஜீனத்து?”

“ஆபீஸ்ல கேட்டேன்க்கா. நிலையா இருக்காருங்காவ.” ஜீனத் பானையை வாங்கி, ஒன்றுமே இல்லாத உள்பக்கத்தைப் பார்த்தாள். “போன வாரமும் அதான் சொன்னாவ. நிலையா இருக்காருன்னா என்னக்கா அர்த்தம்? படுத்திருக்காவளா, உக்காந்திருக்காவளா? கண்ணு தொறந்தாவளா?”

“பொட்டியக் கட்டில் பக்கத்துல கொண்டு வச்சிருப்பாங்கல்லா?”

“வச்சிட்டோம்னு சொன்னாவ.” ஜீனத் ஸ்பேனரோடு நின்ற காதர் மைதீனைக் காட்டினாள். “இங்க அந்த நாளு இன்னும் வரலியேக்கா.”

கோமதிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் புருஷன் சாகாமல் இருக்க, இவள் புருஷன் பிழைத்தானா என்று இவளுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு இவளே அடுக்களையில் ஒரு டிவியைப் போட்டு வைத்திருக்கிறாள்.

“ஏட்டி, ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“எப்படிக்கா சொல்லுவேன்? எனக்குத் திங்கிறதுக்கு உங்க இலையிலருந்து எடுக்கச் சொன்ன மாதிரில்லா இருக்கும்.”

கோமதி அடுக்களைக்குள் போய்ப் பனிச்சறுக்கை அணைத்தாள். அங்கிருந்து தெருவில் இறங்கி டீக்கடைத் திமிங்கிலங்கள் இரண்டையும் அணைக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னாள். அந்தத் தொண்டையில் அன்றைக்குக் காற்றுத்தான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. இருதயராஜைக் கூப்பிட்டு, கட்டையாய் வந்த வயர் வளர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் ஏணியில் நின்று வயரைப் போடும்போது பாதி நேரம் கண்ணைத் துடைக்கத்தான் சரியாக இருந்தது. அதற்கு அவர் குரங்குகளை ஏசினார்.

பொட்டி ஓட ஆரம்பித்தது.

ஆவுடையப்பனைப் பிறந்ததிலிருந்து யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆமை போலப் பேசுகிற மனுஷன் அணில் போலப் பேசினான். தட்டில் விழுந்த சோறு மாயமாய் மறைந்தது. படுத்தான், எழுந்தான், பல் விளக்கினான், போனான், வந்தான். பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கோமதி திரையை விட்டு நகரவில்லை. ஊரில் இருக்கிற பிள்ளைகளையெல்லாம் ஓடு ஓடு என்று விரட்டியவள், டிவியின் மேல் கையை வைத்து, மெதுவா, மெதுவா போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. அவள் பயந்துகொண்டிருந்த மாதிரி எதுவும் திரையில் நடக்கவில்லை. வெடித்த குழாய் வேறெங்கோ, பொட்டி இருந்தது படுக்கை அறையில். ஆவுடையப்பன் காலணியை மாட்டினான். தலைக்கவசத்தை எடுத்தான். கதவுவரை போய்த் திரும்பி வந்து, கோணலாகக் கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தான். இவள் பக்கம் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டினான். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் போலப் போனான். விளக்கு தானாக அணைந்தது.

கோமதி அப்போதுதான் அழுதாள். நாத்தனார் வந்து கட்டிக்கொண்டாள். மறுநாள் தாலியைக் கழற்றினார்கள்.

பொட்டியை அணைக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அதுவும் ஒரு நொடியை விடாமல் இருட்டைக் காட்டிக்கொண்டே ஓடியது. சில நாள் இருட்டுக்குப் பிறகு, அதில் விளக்கு எரிந்தது. யாரோ ஓர் இளைஞன் உள்ளே வந்தான். கட்டில் ஓரத்தில் போர்வை கலையாமல் உட்கார்ந்தான். இவள் பக்கமாகப் பார்த்தான். தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான். போய்விட்டான். மறு சாயங்காலம் வேறொருவர், தாடி வைத்தவர். அவரும் அப்படியே உட்கார்ந்து, எதற்கோ “ம்” கொட்டினார். தினம் ஒருவர் வந்தார். கூட வேலை பார்த்தவர்கள் துக்கத்துக்கு வந்து உட்காருகிறார்கள் என்று கோமதி நினைத்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

பொட்டி இன்றைய தேதியைப் பிடித்த வாரம், எதிர்வீட்டிலிருந்து ஜீனத் போட்ட சத்தத்தில் தெருவே ஓடியது. காதர் மைதீன் கண்ணைத் திறந்து கிடந்தார். அது இன்றைய கண். ஜீனத் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு நிபுணர் வேண்டும்.

ஆவணியில், எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும், ஆபீஸ்காரர்கள் அவருக்குப் போன் பேச அனுமதி கொடுத்தார்கள். ஜீனத்திடம் பேசிவிட்டு, கோமதியிடம் கொடுக்கச் சொன்னார். ஒரு வார்த்தை சொன்னால் அது போய்ச் சேர்ந்து திரும்ப ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த மூச்சு முழுக்க அவர் அழுகிற சத்தம் கேட்டது. கோமதி அவரைத் தேற்றினாள். பிறகு, தினமும் அறைக்கு வந்து உட்காருகிறார்களே, அவர்கள் யார் என்று கேட்டாள்.

காதர் மைதீன் மூக்கைச் சிந்தினார்.

“அவன் பொட்டியும் ஸ்லோதான, தங்கச்சி. இங்க அவன் ரூம்ல நீ இன்னும் வைகாசியில இருக்க.”

கோமதி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“உனக்கு ஆபீஸ் போன் வந்த நாளு இங்க இன்னும் வரல. வந்தா நீ அழுறதப் பாக்கணும்லா. அதுக்கு எங்க யாருக்கும் தெம்பு இல்ல. பயலுவ எல்லாம் சேந்து, அவன் ரூம் லைன்லயே கண்டதையும் ஓட விட்டு, அத இறுக்கிப் பிடிச்சி வச்சிருக்கானுவ. சாயங்காலம் ஆனா நீ வந்து உக்காந்து அவன்கிட்டப் பேசுத. கேக்க ஒரு ஆளு வேணும்லா. அதான் முறை போட்டுப் போறானுவ.”

“நான் என்ன செஞ்சிக்கிட்டு இருக்கேன், அண்ணே?”

“நேத்து ராமையா போயிருந்தான். முருங்கைக்கீர ஆஞ்சிக்கிட்டே ஏதோ ஒரு பிள்ள நீளம் தாண்டுறதுல மணல்ல உக்காந்து எந்திரிக்க மாட்டேன்னு அழுத கதையச் சொன்னியாம். சொல்லிட்டு நீயே சிரிச்சியாம். அவனுக்கும் சிரிப்பு அடங்கலயாம்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கம்பெனிக்காரன் லைனச் சரிபண்ணவான்னு கேக்கான். நீ சொல்லு. போடச் சொன்னாப் போட்டுருதோம்.”

எதிரே ஜீனத் நின்றுகொண்டிருந்தாள். கோமதி அவளைப் பார்த்தாள்.

“அதுனால அங்க யாருக்கும் இடைஞ்சல் இல்லையே, அண்ணே? யாரும் வீட்டாளுங்களப் பாக்க முடியாமக் கெடக்காங்களா?”

“இல்லம்மா. எல்லார் வீடும் வேற லைன்ல வருது. இது அவன் ரூம் லைன் மட்டும்தான்.”

போனுக்குள் அந்த ஒரு மூச்சு நேரம் போய் வந்தது. கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப சரிபண்ண வேண்டாம்ண்ணே,” என்றாள். “அங்க வைகாசியில இருக்கவளுக்கு இப்பவே ஒண்ணும் தெரிய வேண்டாம். பாவம், கொஞ்ச நாளு பேசிக்கிட்டு இருக்கட்டும்.”